பதினெட்டு அடுக்கு

அந்த வரியை மூன்று தடவை படித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் எழுத்துக் கூட்டப் பழகியவனுக்கு முதல் தடவையிலேயே எதுவும் உள்ளே இறங்காது.

"நான்காம் கிடங்கில் மேஸ்திரியின் அலட்சியத்தால் சர்க்கரை மூட்டைகள் சரிந்து ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தனர்."

ஆறு இல்லை, ஏழு. ஏழாவது ஆள் அந்த மேஸ்திரி. என் கூடப் பிறந்த அண்ணன்.

துறைமுகத்துக்கு நூறு வயது ஆகிறதென்று வரலாறு எழுதிப் புத்தகமாகப் போடுகிறார்கள். அச்சுக்குப் போகும் முன் பார்த்துக்கொடுக்கச் சொல்லி எங்கள் சுமைதூக்கிகள் சங்கத்துக்கும் ஒரு பிரதி வந்திருந்தது. செயலாளர் அதை என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். முதுகு போன பிறகு சங்கத்தில் எனக்கு ஒரே வேலைதான். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு மின்விசிறி திருடு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துறைமுக வாசலில் அந்த விபத்தில் இறந்தவர்களுக்காக ஒரு கருங்கல் நட்டிருக்கிறார்கள். அதிலும் ஆறு பெயர்தான். அண்ணி முப்பத்திரண்டு வருஷமாக அந்த வாசலைப் பார்த்ததில்லை. கிழிந்த சாக்குகளைத் தைக்கும் கொட்டகைக்கு அந்த வழியாகப் போனால் ஐந்து நிமிஷம். அவர் மீன் சந்தையைச் சுற்றி அரை மணி நேரம் நடப்பார். கல்லையாவது சுற்றிக்கொண்டு போகலாம். புத்தகத்தில் ஏறிவிட்டால்? நாளைக்குப் பேத்தி பள்ளிக்கூடத்தில் அதைப் படித்துவிட்டு வந்து, "தாத்தாதான் ஆறு பேரக் கொன்னாரா?" என்று கேட்டால் எந்தச் சந்தையைச் சுற்றிப் போவது?

எழுதியது கல்லூரியில் வரலாறு சொல்லித்தரும் ஒரு அம்மா. நாற்பது வயதிருக்கும். பழைய ஆட்களிடம் பேசவென்று சங்கத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். யார் எதைச் சொன்னாலும், "நீங்க பாத்தீங்களா, யாராவது சொன்னாங்களா? யார் சொன்னது?" என்று கேட்பார். நம் ஆட்கள் இரண்டே நாளில் அவருக்கு 'யார்சொன்னது' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கும் அது தெரியும்.

அன்றைக்கு அவர் வந்ததும் வராததுமாக நான் பிரதியை நீட்டினேன்.

"எங்க அண்ணன் அலட்சியமா இருந்தாருன்னு எழுதியிருக்கீங்களே, யார் சொன்னது?"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. துணிப்பையிலிருந்து நகல்களை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். அப்போதைய கிடங்கு மேலாளர் எழுதிய விசாரணை அறிக்கை. நான்கு செய்தித்தாள். கடைசியில் எங்கள் சங்கமே போட்ட வெள்ளி விழா மலர்.

"ஆறு சாட்சி இருக்கு ஐயா. உங்க சங்கத்து மலரும் அதையேதான் சொல்லுது."

அவருக்குத் தேநீர் வாங்கி வரச் சொல்லிவிட்டு நான் படிக்க ஆரம்பித்தேன். ஆறையும் படித்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அவர் தேநீரும் குடித்து, செயலாளர் பேச்சையும் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, இதுல காயம்பட்டவங்க அஞ்சு பேருன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"ஒன்பது பேரு. நானும் ஒருத்தன். விலா எலும்பு ரெண்டு போச்சு. ஆனா நடந்து போய்த்தான் வண்டியில ஏறினேன். நடக்க முடியாம தூக்கிட்டுப் போனது அஞ்சு பேர. மேலாளர் அவங்களத்தான் எண்ணியிருக்காரு."

"சரி…"

"அவரு எண்ணினது தப்பு. மத்த அஞ்சும் தனித்தனியா வந்து விசாரிச்சிருந்தா ஒண்ணாவது ஏழுன்னோ எட்டுன்னோ சொல்லியிருக்காதா? எல்லாத் தப்பும் எப்படி ஒரே தப்பா இருக்கும்?"

அந்த அம்மா ஆறு காகிதத்தையும் தன் பக்கம் இழுத்தார். ஒவ்வொன்றிலும் அந்த 'ஐந்து' மேல் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு ஆறையும் ஒன்றாக அடுக்கி ஒரே ரப்பர் வளையத்தைப் போட்டார்.

"இது ஆறு சாட்சி இல்ல. ஒண்ணுதான். ஒண்ணப் பாத்து மத்தது எழுதியிருக்கு. நான் பாத்திருக்கணும்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்ப அந்த வரிய அடிச்சிடுங்க."

"முடியாது ஐயா. ஒரே சாட்சின்னா பொய்ச் சாட்சின்னு ஆகாது. நீங்க மறுத்துச் சொல்றீங்க. ஆனா உங்களுக்கு அவரு அண்ணன்."

"கூடப் பொறந்தது குத்தமா?"

"குத்தமே இல்ல. உங்க கண்ணு எந்தப் பக்கம் சாயும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான். மேலாளர் கண்ணு எந்தப் பக்கம் சாயும்னும் தெரிஞ்சிருக்கணும். ரெண்டு பேர் கண்ணும் சாயாத எடத்துல ஏதாவது கெடைக்குதான்னு தேடுவோம்."

என் கோபம் முழுக்க அடங்கவில்லை. ஆனாலும் 'தேடுவோம்' என்றாரே, அந்த வார்த்தை பிடித்திருந்தது.

அறிக்கையின் கடைசியில் ஒரு புகைப்படம் இருந்தது. "விபத்தன்று சரியாமல் நின்ற பகுதி" என்று கீழே எழுதியிருந்தது. அதைப் பார்த்தபோதே எனக்குக் கண்ணில் மணல் விழுந்த மாதிரி இருந்தது. மூட்டைகளை அடுக்கி உயர்த்துவதை நாங்கள் அட்டி போடுவது என்போம். அட்டியில் மூட்டையின் தைத்த வாய் எப்போதும் உள்பக்கம்தான் இருக்கும், வெளியே அதன் அடிப்பக்கம் தெரியும். வாய் வெளியே இருந்தால் தையல் விட்டு ஒரு மூட்டை வடிந்தாலும் மேலே உள்ளதெல்லாம் ஆடும். நேற்று வந்தவன்கூட அப்படி வைக்க மாட்டான். படத்தில் இருந்த அத்தனை மூட்டையும் எங்களைப் பார்த்து வாயைக் காட்டிக்கொண்டு நின்றது.

சொன்னேன். அந்த அம்மா குறித்துக்கொண்டு, "அடுக்கத் தெரியாம அடுக்கினாங்கன்னுதான் அறிக்கையே சொல்லுது. இதையும் அதுக்கு ஆதாரமாத்தான் காட்டுவாங்க" என்றார்.

மறுநாள் அவரை அண்ணி வீட்டுக்கு அழைத்துப் போனேன். அண்ணி அப்போது மடியில் சாக்கை விரித்து வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். வந்தவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஊசியை நிறுத்தாமலே கேட்டார்.

"இவங்கதான் எழுதுனவங்களா தம்பி?"

"ஆமா அண்ணி."

"உக்காரச் சொல்லு. திட்டறதுக்கு முன்னாடி தண்ணி குடுக்கணும்."

அந்த அம்மா தண்ணீரைக் குடித்தார். திட்டையும் வாங்கிக்கொண்டார். இரண்டையும் பாதியில் நிறுத்தவில்லை. திட்டி முடித்து அண்ணி மூச்சு வாங்கிய நேரம் பார்த்துப் படத்தை நீட்டினார். அண்ணி அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பக்கத்தில் வைத்தார், தள்ளி வைத்தார்.

"இது அன்னைக்கி எடுத்த படமில்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"காது எங்க?"

அந்த அம்மா முழித்தார். அண்ணி மடியிலிருந்த சாக்கைத் தூக்கிக் காட்டினார். கையால் வாய் தைக்கும்போது இரண்டு மூலையிலும் சாக்கை முறுக்கி, பிடித்துத் தூக்க ஒரு குமிழ் விடுவார்கள். அதுதான் காது.

"அந்த ஆலைச் சர்க்கரைக்கி அப்ப நாங்கதான் வாய் தைப்போம். முப்பது பொம்பளைங்க. மிசின் வந்ததும் எங்கள வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மிசின் தையல் நேரா ஓடும், காது விடாது. இந்தப் படத்துல ஒரு மூட்டைக்கிக் காது இருக்கா பாருங்க. இவரு போயி ஒரு வருசம் பொறுத்துத்தாம்மா மிசினே வந்துச்சு. வேலை போன நாளு எனக்கு மறக்குமா?"

வாயை வெளியே வைத்து அடுக்கினார்களே, அதனால்தான் காது இல்லாதது தெரிந்தது. அடுக்கத் தெரிந்தவனைக் கூப்பிட்டு அடுக்கியிருந்தால் அந்தப் பொய் கடைசிவரை பிழைத்திருக்கும்.

"யார் சொன்னது?" என்று கேட்காமல் அந்த அம்மா எழுந்து போனது அன்றைக்குத்தான். ஆனாலும் கேட்கத்தான் செய்தார், அண்ணியிடம் கேட்காமல் ஆலையிடம் கேட்டார். தையல் இயந்திரம் வாங்கியதைப் பெருமையாகப் படம் போட்டு ஆலை வெளியிட்ட ஆண்டு மலர் ஒன்று நூலகத்தில் கிடைத்தது. விபத்துக்குப் பதின்மூன்று மாதம் கழித்து வந்த மலர். "ஆலைக்கு உங்க அண்ணன் யாருன்னே தெரியாது. அவரக் காப்பாத்தவோ மாட்டிவிடவோ அவங்க இத எழுதல. அதனால இது எனக்குத் தங்கம்" என்றார்.

விபத்து நடந்து பதினோராம் நாள் என்று தேதி போட்ட அறிக்கையில் அடுத்த வருஷத்து மூட்டை நிற்கிறது. மேலாளர் பின்னால் வைத்து ஒட்டிய படம் என்பது உறுதியாகிவிட்டது. நான் குதிக்காத குறைதான்.

"படம் பொய்யின்னு நிரூபிச்சாச்சு ஐயா. ஆனா அட்டி ஏன் சரிஞ்சுது? அதுக்கு இன்னும் பதில் இல்லையே. எத்தன அடுக்கு போட்டீங்க?"

"பன்னெண்டு."

அவர் என்னையே பார்த்தார். "அன்னைக்கிக் காயம்பட்டவங்கள்ல இன்னும் அஞ்சு பேர் இருக்கீங்க. அஞ்சு பேரையும் தனித்தனியாக் கேட்டேன். எந்த வருசம், என்ன கிழம, மழையா வெயிலா, எல்லாத்துலயும் ஆளுக்கொண்ணு சொல்றீங்க. பன்னெண்டுங்கறதுல மட்டும் அஞ்சு பேரும் இம்மி பிசகல. முந்தி நீங்களே சொன்னீங்க, எல்லாம் ஒண்ணு போல இருந்தா ஒண்ணப் பாத்து மத்தது எழுதினதுன்னு."

என் பாடத்தை எனக்கே திருப்பிப் படித்தார். வேலை இருக்கிறதென்று சொல்லி நான் எழுந்து வந்துவிட்டேன்.

உண்மை என்னவென்றால் அன்றைக்குப் பதினெட்டு அடுக்கு. விதி பன்னிரண்டு. கப்பல் வரவில்லை, ஆலை லாரிகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன, கிடங்கில் இடமில்லை. "ஏத்துங்கடா" என்று அண்ணன் சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டேன். ஏற்றினோம். மத்தியானம் மூன்று மணிக்குச் சரிந்தது. மருத்துவமனை வராந்தாவில் கட்டுப்போட்டுக்கொண்டு கிடந்தபோது நாங்கள் ஒன்பது பேரும் பேசி முடிவெடுத்தோம். பதினெட்டு என்று தெரிந்தால் பழி மேஸ்திரி தலையில் விழும், பன்னிரண்டு என்றே சொல்வோம் என்று. அதைச் சாகும்வரை காப்பாற்ற வேண்டும் என்று சத்தியம்.

அன்று சாயங்காலம் மிச்சமிருந்த நாலு பேரையும் சங்கத்துக்குக் கூப்பிட்டு, சொல்லிவிடப் போகிறேன் என்றேன். எங்களில் ஒருவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். வாய் மூடாது. முதலில் எகிறியது அவன்தான்.

"உனக்கு எழுத்து வந்ததும் புத்தி போயிருச்சாடா? முப்பத்திரண்டு வருசமாக் காப்பாத்துன மனுசன நீயே புடிச்சுக் குடுக்கப் போறியா?"

"எங்கடா காப்பாத்துனோம்? கல்லுல பேரு இல்ல, புத்தகத்துல அலட்சியம்."

"பதினெட்டுன்னு சொன்னா மட்டும் தங்கத்துல பேரு போடுவாங்களா?"

 அன்றிரவு தூக்கம் வரவில்லை. விடிந்ததும் அண்ணியிடம் போய் முதலில் சொன்னேன். முப்பத்திரண்டு வருஷத்தில் அவருக்கும் நாங்கள் சொன்னது பன்னிரண்டுதான்.

அண்ணி கையிலிருந்த நூலைக் கடித்து அறுத்தார். "எனக்கு நல்லவரா வேணாம் தம்பி. அவரு அவராவே வேணும். போயி சொல்லு."

சொன்னேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயா, பன்னெண்டுக்கு மேல போட யாரு அனுமதி குடுக்கணும்?"

"மேலாளரு. உயரச் சீட்டுன்னு ஒண்ணு போடணும். மூணு நகலு. ஒண்ணு மேஸ்திரிக்கு, ஒண்ணு மேலாளர் புத்தகத்துல, ஒண்ணு தீயணைப்புப் பிரிவுக்கு. அட்டி உயர்ந்தா கூரைத் தண்ணிக் கொழாய மறைக்கும், அதனால அவங்களுக்கு…"

சொல்லிக்கொண்டே வந்தவன் நடுவில் நின்றுவிட்டேன். என் வாயிலிருந்து வந்ததை என் காதே அப்போதுதான் கேட்டது. பன்னிரண்டு அடுக்குக்குச் சீட்டே கிடையாது. பன்னிரண்டு என்று நாங்கள் சாதித்ததால் சீட்டை யாரும் தேடவே இல்லை. பன்னிரண்டு அடுக்கு தானாகச் சரியாது, சரிந்தால் அடுக்கியவன் தப்பு. அந்த அறிக்கையை எழுத மேலாளருக்கு மையும் பேனாவும் எடுத்துக் கொடுத்தது நாங்கள்தான்.

மேலாளர் அலுவலகப் புத்தகத்தில் அந்த வாரத்துத் தாள்கள் மட்டும் இல்லை, தைத்த இடத்தில் கிழித்த நார் இருந்தது. தீயணைப்புப் பிரிவின் பழைய பெட்டிகள் ஆவண அறையில் கடைசி வரிசையில் கிடந்தன. நானும் அந்த அம்மாவும் மூன்று நாள் தேடினோம். அவர் பத்துத் தாள் புரட்டும் நேரத்தில் நான் ஒன்று புரட்டுவேன். மூன்றாம் நாள் பகல் பதினொரு மணி இருக்கும். என் கையில் ஒரு மஞ்சள் தாள் வந்தது. 'கிடங்கு நான்கு' என்று கூட்டினேன். தேதியைக் கூட்டினேன். அதற்கு மேல் அவசரத்தில் எழுத்துக் கூடவில்லை.  அந்த அம்மாவிடம் நீட்டினேன்.

"நீங்களே படிங்க ஐயா. நீங்கதான கண்டுபிடிச்சீங்க."

படித்தேன். 'அடுக்கு: பதினெட்டு. ஆட்சேபம் உண்டா: உண்டு. தரை ஈரம், ஏற்ற முடியாது என மேஸ்திரி மறுப்பு. லாரிகள் காத்திருப்பதால் ஏற்ற உத்தரவிடப்படுகிறது.' கீழே மேலாளர் கையெழுத்து. மேலே தீயணைப்புப் பிரிவு பெற்றுக்கொண்ட முத்திரை, காலை ஒன்பது இருபது.

"காலையில இத எழுதுனவருக்கு மத்தியானம் என்ன நடக்கும்னு தெரியாது. அவருக்கு இது வெறும் சீட்டு. பதினோரு நாள் கழிச்சு அறிக்கை எழுதுனப்ப எல்லாம் தெரியும். எத நான் நம்பணும், சொல்லுங்க" என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். நான் அதையெல்லாம் சரியாகக் கேட்கவில்லை. அண்ணன் முடியாது என்று சொல்லியிருக்கிறார். நான் லாரியிலிருந்து வந்து சேர்வதற்குள் அந்தச் சண்டை முடிந்துபோயிருக்கிறது. கடைசியில் சொன்ன "ஏத்துங்கடா" மட்டும்தான் என் காதில் விழுந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு வருஷம் மனதுக்குள் அவர்மேல் நானும் ஒரு அறிக்கை எழுதி வைத்திருந்தேன்.

புதிதாக எழுதிய பக்கத்தை அந்த அம்மா அண்ணி வீட்டில் படித்துக் காட்டினார். 'மேஸ்திரி மறுத்தார். உத்தரவுக்குப் பின் ஏற்றச் சொன்னார்' என்று இருந்தது.

"அந்த ரெண்டாவது வரி வேணாம்மா" என்றேன்.

"அது உங்க சாட்சியம் ஐயா. உங்களுக்குப் பாதகமானதையும் மறைக்காமச் சொன்னதாலதான் மத்தத நான் நம்பினேன். அத எடுக்க முடியாது."

நான் மல்லுக்கு நின்றேன். அண்ணி குறுக்கே வந்தார். "இருக்கட்டும் தம்பி. என்கிட்டயும் அப்படித்தான். முதல்ல முடியாதும்பாரு, அப்புறம் செய்வாரு. அவரேதான் இது." சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புத்தகக் குழு துறைமுகத் தலைவர் அறையில் கூடியது. அண்ணி இரண்டு அரை மூட்டை மணலோடு வந்திருந்தார். மீன் சந்தைப் பக்கத்துப் பின்வாசலில் காவலாளி தடுத்தபோது, "இது ஆதாரம், வழி விடு" என்றாராம். குழுவில் ஓய்வு பெற்ற பெரிய கிளார்க் ஒருவர் இருந்தார், மேலாளர் காலத்து ஆள்.

"அந்த மேலாளர் தங்கமான மனுசர். எனக்கு வேலை போட்டுக் குடுத்ததே அவருதான்" என்றார்.

"அதையும் குறிச்சுக்கறேன்" என்றார் அந்த அம்மா. இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

தலைவர் புகைப்படத்தைப் பிடித்துக்கொண்டார். "காது இருக்கு, இல்லங்கறதெல்லாம் ஒரு பெரிய வித்தியாசமா?"

அண்ணி இரண்டு மூட்டையையும் அவர் காலடியில் வைத்தார். "தூக்கிப் பாருங்க சார்."

அவர் நல்ல மனிதர், நாற்காலியை விட்டு எழுந்தார். காது உள்ளதை இரண்டு கையால் பிடித்துத் தூக்கிவிட்டார். இயந்திரம் தைத்தது கையில் வழுக்கி, கடைசியில் அவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சட்டையெல்லாம் தூசியாக நின்றார்.

"இத நாப்பது வருசம் தூக்குனவருக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதுங்கறீங்களா?" என்று அண்ணி என்னைக் காட்டினார்.

மஞ்சள் சீட்டை நான் படித்தேன். திக்கினேன், நிறுத்தி நிறுத்தித்தான் வந்தது, ஆனால் ஒரு எழுத்தும் விடவில்லை.  பெரிய கிளார்க் சீட்டை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தார். "அவரு கையெழுத்துதான்" என்று தானே சொன்னார். மனதில் பட்டதை அவரும் மறைக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பக்கம் மாறியது. படத்தை அப்படியே போட்டு, அது எப்படிப் பொய்யென்று தெரிந்தது என்பதையும் கீழே எழுதினார்கள். எங்கள் பன்னிரண்டு அடுக்குப் பொய்யும் அதில் உண்டு. ரேடியோ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் அந்தப் பக்கத்தைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கல்லில் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றார் தலைவர். அண்ணி ஒப்பவில்லை. "இடுக்குல திணிக்கறதுக்கு அவரு என்ன வெளியாளா? ஏழு பேரும் ஒண்ணா போனாங்க. ஒண்ணா எழுதுங்க." புதிய கல் வந்தது.

அதை நிறுத்துவதற்கு ஒரு கிரேனை அனுப்பியிருந்தார்கள். நாங்கள் ஐந்து பேரும் அதன் குறுக்கே போய் நின்றோம். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், ஒருவனுக்கு முட்டி இல்லை, எனக்கு முதுகு இல்லை. கிரேன்காரன் தலையில் அடித்துக்கொண்டான். கயிறு போட்டோம், கட்டையைக் கொடுத்து நெம்பினோம். ரேடியோ குரல் கொடுக்க, மீதி நாலு பேரும் மூச்சுப் பிடித்தோம். கல் எழும்பி நின்றது. மேலிருந்து மூன்றாவதாக அண்ணன் பெயர். அண்ணி அன்றைக்கு மீன் சந்தையைச் சுற்றாமல் நேராக வாசல் வழியாகவே வந்திருந்தார். பத்தடி தள்ளி நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இடது பக்கம் ஒரு விரல் ஏறியிருக்கு. எறக்குங்க."

"போதும் அண்ணி, உசுரு போகுது" என்றான் ரேடியோ.

"கோணலா நின்னா இன்னும் நூறு வருசத்துக்குக் கோணலாத்தான் நிக்கும். எறக்குங்கடா!"

இறக்கினோம்.